ரத்தப் புற்றுக்கு கார்-டி செல்லும் ஸ்டெம் செல் மாற்றும்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி பக்கமிருந்து லுகேமியா என்ற ரத்தப் புற்றின் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போகிற குடும்பங்களுக்கான பக்கம் இது. உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் அவருடைய ரத்தவியல் மருத்துவர். அவரிடம் எதை, எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இதைப் படியுங்கள்.

கார்-டி செல், ஸ்டெம் செல் மாற்று: இரண்டும் ஒன்றா?

இல்லை. நம் ரத்தத்தில் டி செல் என்றொரு வெள்ளை அணு உண்டு. கிருமி புகுந்த செல்லைத் தேடிப் போய்க் கொல்வது அதன் வேலை. லுகேமியா செல் உடம்பின் சொந்தச் செல்லைப் போலவே தெரிவதால் டி செல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, லுகேமியா செல்லின் மேலிருக்கும் சிடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கிற கொக்கி ஒன்றை மரபணு வழியாக அதில் பூட்டி, பெருக்கி, திரும்ப ஏற்றுவது கார்-டி.

ஸ்டெம் செல் மாற்று வேறு. ரத்தம் ஊறுவது எலும்பு மஜ்ஜையில். அந்த ஊற்றைக் கீமோவாலும் கதிர்வீச்சாலும் தூர்த்துவிட்டு, இன்னொருவரின் ஊற்றை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை, அங்கே கொண்டுவந்து வைப்பது இது. புது ஊற்றிலிருந்து வரும் டோனரின் (செல் கொடுத்தவரின்) டி செல்கள், ஒளிந்திருக்கும் லுகேமியாவை அந்நியமாகப் பார்த்து அழிக்கும். கீமோவால் ஆகாத வேலை இது.

ஒன்று போதாதா? இரண்டு எதற்கு?

கார்-டி நோயை விரைவாக அடித்து இறக்கும். ஆனால் பலருக்கு அது நிலைப்பதில்லை. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் நடந்த எலியானா என்ற ஆய்வில் 75 பேருக்கு டிசாஜென்லெக்லூசெல் என்ற கார்-டி ஏற்றினார்கள். 3 மாதத்துக்குள் 81 சதவீதம் பேருக்கு நோய் மறைந்தது. 12 மாதம் முடிகையில் நோய் திரும்பாமலும் உயிரிழக்காமலும் இருந்தவர்கள் 50 சதவீதம். இந்த முடிவுகள் 2018இல் வெளிவந்தன.

நோய் இரண்டு வழிகளில் திரும்புகிறது. ஏற்றிய கார்-டி செல்கள் உடம்பில் தேய்ந்து மறைந்துபோய், சிடி19 உள்ள பழைய லுகேமியா மறுபடி தலைதூக்குவது ஒரு வழி. லுகேமியாவே சிடி19 அடையாளத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு வருவது மற்றது. இரண்டாவது வகையில் கொக்கி பிடிக்க எதுவும் இருக்காது, அதே செல்லை மறுபடி ஏற்றியும் பயனில்லை.

மாற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மஜ்ஜையில் நோய் மிச்சம் இருக்கும்போது செய்தால் அது திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் இந்த வரிசை: முதலில் கார்-டி நோயைக் காலி செய்யட்டும், காலியாக இருக்கும் அந்தச் சில வாரத்துக்குள் மாற்று நடக்கட்டும்.

எல்லோருக்கும் இரண்டும் தேவை என்று சொல்லிவிட முடியாது. கார்-டி செல் நீண்ட நாள் தங்கினால் ரத்தத்தில் பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவே இருக்காது, ஏனென்றால் நல்ல பி செல்லிலும் சிடி19 உண்டு. பி செல் 6 மாதத்துக்குள் திரும்பிவிட்டால் கார்-டி தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது மாற்றைத் தள்ளிப்போடுவது ஆபத்து. பி செல் இல்லாமலே நீண்ட நாள் ஓடுகிறது, ஏற்கெனவே ஒரு மாற்று ஆனவர் என்றால், சில மருத்துவர்கள் காத்திருந்து பார்ப்பார்கள். இதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆகவே காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வகை லுகேமியாவுக்கு?

பி வகை அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு, அதாவது பி-ஏ.எல்.எல்.லுக்கு. அதிலும் கீமோவுக்கு அடங்காததற்கும், அடங்கித் திரும்பியதற்கும். மைலாய்டு வகைக்கு இன்னும் அப்படி ஒரு கார்-டி அனுமதி பெறவில்லை. அந்த நோய்ச் செல்லில் இருக்கும் சிடி33, சிடி123 அடையாளங்கள் நல்ல மஜ்ஜைச் செல்லிலும் இருக்கின்றன. கொக்கி இரண்டையும் சேர்த்து அழித்துவிடும். குரோனிக் மைலாய்டு லுகேமியாவுக்கு இமாடினிப் வகை மாத்திரைகளே முதல் மருந்து. ரிப்போர்ட்டில் நோயின் பெயராக எந்த எழுத்துகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தியாவில் கிடைக்கிறதா? எவ்வளவு ஆகும்?

கிடைக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ள, நோய் திரும்பிய அல்லது அடங்காத பி வகை லுகேமியா, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) நோயாளிகளுக்கானது. அறிமுகமானபோது விலை சுமார் 40 லட்சம் ரூபாய். டிசாஜென்லெக்லூசெல் 2017இல் அமெரிக்காவுக்கு வந்தபோது அதன் பட்டியல் விலை 4,75,000 டாலர். அதோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் நாட்டுப்படகு வீட்டுக்கு அது மலை. மாற்றுக்கான செலவு இதற்கு மேல் தனி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை தருகிறது. ஸ்டெம் செல் மாற்றுக்கு எவ்வளவு, எந்த மருத்துவமனையில் என்று காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தில் வாங்குங்கள். மாற்று செய்யும் பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் இருப்பார். செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை அவரிடம் வாங்கினால்தான் பிரதமர் நிவாரண நிதிக்கும் அறக்கட்டளைகளுக்கும் விண்ணப்பிக்க முடியும். வீட்டையும் நகையையும் விற்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.

ரயிலிலும் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கொடுக்கும் சான்றிதழ் ரயில்வேயின் படிவத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதியதைக் கவுன்டரில் ஏற்க மாட்டார்கள்.

டோனரை எப்போது தேடுவது?

கார்-டி பேச்சு வந்த அன்றே. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். கார்-டி ஏற்றி, 28ஆம் நாள் மஜ்ஜை சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகு டோனரைத் தேடத் தொடங்கும் குடும்பங்கள் உண்டு. பரிசோதனை, விசா, விடுப்பு என்று இரண்டு மாதம் ஓடிவிடும். சுத்தமாயிருந்த மஜ்ஜையில் அதற்குள் நோய் வந்துவிட்டால் 40 லட்சமும் வீண், அந்த வாய்ப்பும் போச்சு.

செல்லின் மேலிருக்கும் எச்.எல்.ஏ. என்ற அடையாளங்களை ஒப்பிட்டுப் பொருத்தம் பார்ப்பது எச்.எல்.ஏ. பரிசோதனை. ரத்தம் அல்லது கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்த சாம்பிள் போதும். ரத்த குரூப் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் முழுப் பொருத்தம் வர 25 சதவீத வாய்ப்பு. அம்மா, அப்பா, பிள்ளைகள் எப்போதும் பாதிப் பொருத்தம், அதுவும் இன்று போதுமானது. நம் பக்கம் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிய வீடுகள் நிறைய. அப்படிப்பட்ட குடும்பத்தில் பெரியப்பா, சித்தி, மாமா பிள்ளைகளிடமும் முழுப் பொருத்தம் கிடைக்கலாம். மருத்துவர் கேட்கும்போது உறவுமுறையைக் கூச்சப்படாமல் வரைந்து காட்டுங்கள். வீட்டில் யாரும் பொருந்தாவிட்டால் சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் தேடுவார்கள்.

பல பிள்ளை பெற்ற பெண்களுக்கும் நிறைய ரத்தம் ஏற்றியவர்களுக்கும் டோனரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் இருக்கலாம். இருந்தால் பாதிப் பொருத்தச் செல் பிடிக்காமல் போகலாம். மகனா, தம்பியா, மகளா என்று டோனரை முடிவு செய்யும் முன் அந்தப் பரிசோதனையும் ஆகிவிட்டதா என்று கேளுங்கள்.

டோனருக்கு ஆபரேஷன் பெரும்பாலும் கிடையாது. ஜி-சி.எஸ்.எஃப். ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் கணக்கில், தினமும் தோலடியில் போடுவார்கள். 4, 5 நாளில் ஸ்டெம் செல் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வந்துவிடும். இடுப்பிலும் முதுகிலும் வலி இருக்கும், பாராசிட்டமாலுக்கு அடங்கும். 5ஆம் நாள் இயந்திரத்தில் சேகரிப்பார்கள். சவுதியிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் என்றால் பரிசோதனையும் சேர்த்து இரண்டு வாரம் விடுப்பு கேட்டு வைக்கட்டும். விசைப்படகில் போகும் டோனருக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் தோதாகத் தெரியும். ஆனால் தேதியை மஜ்ஜைதான் தீர்மானிக்கும், தடைக்காலத்துக்காகத் தள்ளிவைக்காதீர்கள்.

ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என்ன நடக்கும்?

முதலில் நோயாளியின் டி செல்லை எடுப்பது. ஸ்டீராய்டு டி செல்லைக் கொல்லும் என்பதால் அதைச் சில நாள் முன்பே நிறுத்துவார்கள். ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போய், வெள்ளை அணு மட்டும் பிரிந்து, மீதி இன்னொரு குழாயில் திரும்ப வரும். 3 முதல் 5 மணி நேரம் ஆகும். உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைக்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும், கால்சியம் கொடுத்தால் சரியாகும். பொறுத்துக்கொண்டிருந்தால் கை இழுத்துக்கொள்ளும்.

செல் தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நோயை அடக்கி வைக்க மெல்லிய கீமோ. பிறகு ஃப்ளூடராபின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகள் 3, 4 நாள். பழைய டி செல்களை ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் விடுவதற்கு அது.

ஏற்றும் நாளில் உறைந்த பை 37 டிகிரி நீர்த்தொட்டியில் உருகும். உள்ளங்கை அளவுப் பை, தண்ணீர் கலந்த பால் போல லேசாக மங்கியிருக்கும். இறங்கி முடிய அரை மணி கூட ஆகாது. உறைய வைக்கச் சேர்த்த டி.எம்.எஸ்.ஓ.வால் அறையிலும் நோயாளியின் மூச்சிலும் பூண்டு வாடை அடிக்கும், ஒரு நாளில் போய்விடும்.

28ஆம் நாள் வாக்கில் மஜ்ஜைப் பரிசோதனை. மிச்ச நோயைத் தேடும் எம்.ஆர்.டி. பரிசோதனை நெகட்டிவ் என்றால், 10,000 செல்லில் ஒன்று என்ற அளவுக்குத் தேடியும் லுகேமியா தென்படவில்லை என்று பொருள். அங்கிருந்து பெரும்பாலும் 2, 3 மாதத்துக்குள் மாற்று.

மாற்றுக்கு முன் ஊற்றைத் தூர்க்க, ஏ.எல்.எல்.லில் உடல் முழுவதற்கும் கதிர்வீச்சு, வழக்கமாக மொத்தம் 12 கிரே, சில நாளில் பிரித்துக் கொடுப்பார்கள். பிறகு டோனரின் செல். பாதிப் பொருத்தம் என்றால் 3ஆம், 4ஆம் நாளில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு. நோயாளியைத் தாக்கத் துடிக்கும் டோனர் டி செல்லை அது அழிக்கும், ஸ்டெம் செல் அதில் தப்பிவிடும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 500ஐத் தாண்டி 3 நாள் நின்றால் செல் பிடித்துக்கொண்டது என்பார்கள்.

மாற்றின்போது கார்-டி செல் அழிந்துவிடுமே. அவ்வளவு பணம் கொட்டியது வீணா?

அழிந்துவிடும், உண்மை. கீமோவும் கதிர்வீச்சும் அதையும் விட்டுவைக்காது. ஆனால் வேறு மருந்தால் சுத்தம் செய்ய முடியாத மஜ்ஜையைச் சுத்தம் செய்து கொடுத்தது அதுதான். காவலை அங்கிருந்து டோனரின் செல் ஏற்றுக்கொள்கிறது.

கார்-டி ஏற்றியதும் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டுமா?

முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல் வருவது சாதாரணம். கார்-டி செல் பெருகித் தாக்கும்போது சைட்டோகைன் என்ற ரசாயனங்கள் பொங்கும். காய்ச்சல் மட்டும் என்றால் பார்த்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் இறங்கினாலோ ஆக்சிஜன் தேவைப்பட்டாலோ அந்தப் பொங்கலை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்து போடுவார்கள், 30 கிலோவுக்கு மேல் உள்ளவருக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 800க்கு மேல் போகாது. கிருமிக் காய்ச்சலும் இதே போல இருக்கும் என்பதால் ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்தே ஓடும்.

அடுத்து மூளை. கார்-டி மூளையையும் பாதிக்கலாம் என்பதால் தினமும் ஒரே வாக்கியத்தை ஒரே நோட்டில் எழுதச் சொல்வார்கள். பாதிப்பு இருந்தால் முதல் நாள் நேராக இருந்த வரி மூன்றாம் நாள் சரியும், மெய்யெழுத்தின் புள்ளி விட்டுப்போகும், ஐந்தாம் நாள் எழுத்தே கிறுக்கலாகும். பேச்சு தடுமாறுவதற்கு முன்பே நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணுவது இன்னொரு சோதனை. படிக்காத அப்பத்தா என்றால், எழுத வராது என்பதையும் எண்ணிக்கை எதுவரை வரும் என்பதையும் செல் ஏற்றுவதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வழக்கமான நிலையையே பாதிப்பு என்று கணக்கிட்டு ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள்.

ஸ்டீராய்டு என்றதும் ஒரு விஷயம். ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கிற ஊர்களில் பாதத் தோல் வழியே ஏறும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு சத்தமில்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் அது நுரையீரல் வரை பரவி உயிருக்கே ஆபத்தாகும். சிகிச்சைக்கு முன் இதற்கும், ஹெபடைட்டிஸ் பி, காசநோய்க்கும் பார்த்தாயிற்றா என்று கேட்பது தவறில்லை.

சீனாவில் இரண்டையும் ஒரேயடியாகச் செய்கிறார்களாமே?

ஹாங்சோவில் உள்ள செஜியாங் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2024இல் 10 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். சிடி7 என்ற அடையாளம் கொண்ட, வேறு வழியற்ற நோய் அவர்களுக்கு. சிடி7 கார்-டி நோயை அழித்ததோடு ரத்த அணுக்களையும் கடுமையாக இறக்கிவிட்டது. அந்தக் காலி இடத்திலேயே, தூர்க்கும் கீமோ இல்லாமல், டோனரின் செல் நோயாளியைத் தாக்காமல் தடுக்கும் மருந்தும் இல்லாமல், பாதிப் பொருத்த ஸ்டெம் செல்லை ஏற்றினார்கள். உள்ளே உயிரோடிருக்கும் கார்-டி, டோனரின் டி செல்லில் உள்ள சிடி7ஐயும் பிடித்து அதன் மூர்க்கத்தைக் குறைக்கும் என்பது யோசனை. சுமார் 15 மாதக் கண்காணிப்பில் 6 பேர் நோயின்றி இருந்தார்கள். இருவருக்குச் சிடி7 இல்லாத லுகேமியா திரும்பியது, கிருமித் தொற்றில் உயிரிழப்பும் நேர்ந்தது. நம்பிக்கை தரும் பாதைதான். ஆனால் 10 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, ஆய்வுக்கு வெளியே இதைக் கேட்டு அலைய வேண்டாம்.

மாற்று முடிந்தபின் எதைக் கவனிக்க வேண்டும்?

ஜி.வி.எச்.டி.யை. டோனரின் செல் நோயாளியின் உடம்பைத் தாக்குவது அது. உள்ளங்கை, பாதம், காதின் பின்புறம் சிவந்து அரித்தல், தண்ணீராகப் பேதி, கண் மஞ்சளாதல். பேதியை எத்தனை முறை என்பதோடு எத்தனை மில்லி என்றும் அளந்து எழுதுங்கள், மருத்துவர் அளவை வைத்துத்தான் தரம் பிரிப்பார்.

ஜி.வி.எச்.டி.யைத் தடுக்க சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. அதன் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், மருத்துவர் மாத்திரையைக் குறைப்பார், அடுத்த வாரம் ஜி.வி.எச்.டி. வரலாம். மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு இது. பம்ப்ளிமாஸ் பழமும் அளவைக் கூட்டும். ரமலானில் நோன்பு பிடிக்க மனம் துடிக்கும்தான், ஆனால் இந்த மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், அது சிறுநீரகத்தைப் பாதிக்காமல் இருக்க நிறையத் தண்ணீரும் தேவை. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு, பிற்பாடு நோற்றுக்கொள்ளலாம்.

பி செல் இல்லாததால் எதிர்ப்புப் புரதம் இறங்கும். ஐ.ஜி.ஜி. என்ற அந்தப் புரதம் 400க்குக் கீழே போனால் மாதம் ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள்.

ஊருக்கு எப்போது வரலாம்?

மாற்று முடிந்து 100 நாள் வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்குவது நல்லது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கே சுமார் 170 கிலோமீட்டர். 38 டிகிரி காய்ச்சலோடு இரவில் கிளம்பினால் அந்த மூன்றரை, நான்கு மணி நேரம் மிக நீளம். வந்த பிறகும் சிகிச்சைச் சுருக்கம் எழுதிய ஒரு கடிதம் பையில் இருக்கட்டும். அதில் “கதிரூட்டிய ரத்தம் மட்டும்” என்ற வரி இருக்க வேண்டும். சாதாரண ரத்தப் பையில் உள்ள டி செல் இவருடைய உடம்பைத் தாக்கும். உள்ளூரில் அவசரத்துக்கு ரத்தம் ஏற்றுபவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

மீன் சாப்பிடலாம், அன்று பிடித்ததை நன்றாகக் கொதிக்க வைத்து. நண்டும் இறாலும் அரைவேக்காடு கூடாது. வெயிலில் திறந்து காய்ந்த கருவாடு, பதநீர், கடைச் சட்னி எல்லாம் மருத்துவர் சொல்லும் வரை வேண்டாம். குடத்தில் வாங்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கத் தாருங்கள். கீற்று மாற்றும் நாளில் நோயாளி அந்த வீட்டில் இருக்கக் கூடாது, பழைய ஓலையிலிருந்து கிளம்பும் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கும். தீர்த்தத்தில் நீராடுவதாக வேண்டுதல் இருந்தால் குடும்பத்தார் நிறைவேற்றட்டும்.

திரும்பக் கடலுக்குப் போக முடியுமா?

போனவர்கள் உண்டு, ஆனால் அவசரம் கூடாது. வெயில் பட்டால் தோலில் ஜி.வி.எச்.டி. தூண்டப்படும். பாசி எடுக்கும் பெண்களுக்கும் வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத கிரீம். சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் மாற்றோடு போய்விடும், 6 மாதத்திலிருந்து மறுபடி தொடங்குவார்கள். உயிருள்ள கிருமி கொண்ட அம்மைத் தடுப்பூசி 2 வருடத்துக்கு முன் கூடாது.

தடுப்பு மாத்திரைகள் நின்று, அணுக்கள் நிலைத்த பிறகு கடலுக்குப் போகிறவர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளட்டும். கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் கடல் நீரில் உள்ள விப்ரியோ என்ற கிருமி, எதிர்ப்பு குறைந்த உடம்பில் சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். காயத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, வலையை அப்படியே போட்டுவிட்டு, அன்றே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டியது: “எனக்கு ஸ்டெம் செல் மாற்று நடந்திருக்கிறது.”